பாஸ்போர்ட் பார்த்து எடுக்கும் ஆசிரியர்கள்

ஜனவரி மாதத்தில் பாங்காக்கின் பெரிய ஓட்டல் ஒன்றில் ஆசிரியர்களுக்கான வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். நடத்துவது சர்ச் அசோசியேட்ஸ் என்ற ஆள்தேர்வு நிறுவனம், 1990இல் தொடங்கப்பட்டது. கூடத்தில் வரிசையாக மேசைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு பள்ளி முதல்வர். அவர் முதுகுக்குப் பின்னே சுவரில் ஒரு தாள்: இயற்பியல் ஒன்று, தொடக்கப்பள்ளி மூன்று, நூலகர் ஒன்று. கதவு திறந்ததும் ஆசிரியர்கள் உள்ளே வந்து மேசைக்கு மேசை வரிசை கட்டுவார்கள். முறை வந்தவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். பிடித்துப்போனால் முதல்வர் நேர்காணலுக்கு ஒரு நேரம் குறித்துக்கொடுப்பார். இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். நேர்காணல் பல சமயம் அவர் தங்கியிருக்கும் ஓட்டல் அறையிலேயே நடக்கும். வேலை தருவதாகச் சொன்னால், ஒன்றிரண்டு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஊரில் இரண்டு வருடம் குடித்தனம் நடத்துவது பற்றிய முடிவு அது.

இப்படிப்பட்ட முகாம்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் சர்வீசஸ் 1955 முதல் இயங்குகிறது. அமெரிக்காவின் வடக்கு அயோவா பல்கலைக்கழகம் 1976இலேயே வெளிநாட்டுப் பள்ளிகளுக்கான முகாமை நடத்தத் தொடங்கிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு தேர்வின் பெரும்பகுதி காணொளிக்கு மாறிவிட்டது. இடம் மாறினாலும் உள்ளே ஓடும் கணக்கு மாறவில்லை. அரை மணி நேரம் மட்டுமே பேசிப் பார்த்த ஒருவரை, இன்னொரு கண்டத்திலிருந்து விமானச் சீட்டும் விசாவும் வீடும் கொடுத்து வரவழைக்கிறது பள்ளி. அவர் சரிப்பட்டு வராவிட்டால் அக்டோபரில் மாற்று ஆள் தேட முடியாது. ஆகவே நன்றாகப் பாடம் நடத்துபவர் யார் என்ற கேள்விக்கு முன்பாகவே இரண்டு கேள்விகள் வந்து நின்றுவிடுகின்றன. இவரை நம்பலாமா? கட்டணம் கட்டும் பெற்றோர் எதிர்பார்க்கும் முகம் இவருக்கு இருக்கிறதா? இந்த வேலைச் சந்தையில் விநோதமாகத் தெரியும் ஏறக்குறைய எல்லா வழக்கங்களும் இவ்விரண்டிலிருந்து பிறந்தவைதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி 1924இல் தொடங்கியது உலக நாடுகள் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக. யோகோஹாமாவிலும் அதே ஆண்டில் ஒரு பள்ளி உருவானது. நம் பக்கத்தில் இன்னும் பழையது ஒன்று உண்டு: அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைக்ளெர்க் என்ற பெயரில் தொடங்கி, இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலாக இருப்பது. இந்த இடங்களில் பெற்றோர் கேட்டது, ஊருக்குத் திரும்பும்போது பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதைத்தான். சொந்த நாட்டு ஆசிரியரை வரவழைத்ததில் ஒரு நடைமுறை நியாயம் இருந்தது.

இன்றைய நிலைமை வேறு. இத்துறையைக் கணக்கெடுக்கும் ஐஎஸ்சி ரிசர்ச் நிறுவனம் உலகெங்கும் 14,000க்கும் மேற்பட்ட பன்னாட்டுப் பள்ளிகள் இருப்பதாகச் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இவற்றில் ஐந்தில் நான்கு பங்கு பிள்ளைகள் வெளிநாட்டவர் வீட்டுப் பிள்ளைகள். இன்று ஐந்தில் நான்கு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகள் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு. மலேசியா தன் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்பை 2012இல் நீக்கியது போன்ற முடிவுகள் இதை வேகப்படுத்தின. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேரி ஹேடனும் ஜெஃப் தாம்ப்சனும் 2013இல் பன்னாட்டுப் பள்ளிகளை மூன்று வகையாகப் பிரித்தபோது, உள்ளூர் வசதி படைத்தோரை நம்பி நடப்பவற்றைத் தனி வகையாக வைத்தார்கள். வேலை தேடுபவர் இன்று விண்ணப்பிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைக்குத்தான். இந்தோனேசியா 2014இல் இத்தகைய பள்ளிகளின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லே கூடாது என்று விதி போட, ஜகார்த்தா இன்டர்நேஷனல் ஸ்கூல் ஜகார்த்தா இன்டர்கல்ச்சுரல் ஸ்கூல் ஆனது. (அந்த விதி நம் ஊர்ப் புறவழிச்சாலைகளுக்கு வந்தால் எத்தனை பெயர்ப்பலகை இறங்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.)

உள்ளூர்ப் பெற்றோர் இவ்வளவு பணம் கட்டுவது எதற்காக? பாடத்திட்டத்துக்காக, ஆங்கிலத்துக்காக, பின்னால் கிடைக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காக. இவை எதையும் பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடிவது ஆசிரியர்களின் முகம் மட்டுமே. தொடர்ச்சிக்காக வரவழைக்கப்பட்ட அயல்நாட்டு ஆசிரியர், இப்போது அயல்தன்மைக்காகவே வரவழைக்கப்படுகிறார். தூதரக அதிகாரியின் பிள்ளைக்கு ஆசிரியரின் நாடு ஒரு தேவை. ஷாங்காய் தொழிலதிபரின் பிள்ளைக்கு அது விளம்பரத்தின் ஒரு பகுதி. பாஸ்போர்ட்டுக்கு விலை ஏறியது இங்கேதான்.

அயல்நாட்டில் கற்பிக்கப்போவது என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஹைலே செலாசி ஆண்ட எத்தியோப்பியாவின் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் ஏராளம். கேரளத்திலிருந்து மிகுதி, தமிழ்நாட்டிலிருந்தும் உண்டு. எண்ணெய்ப் பணம் வந்த காலத்து நைஜீரியாவுக்கு இலங்கையிலிருந்து பட்டதாரி ஆசிரியர்கள் போனார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் 'நைஜீரியாவில் படிப்பித்தவர்' ஒரு பெரியப்பாவாவது இருப்பார். அந்த நாடுகளுக்கு வேண்டியிருந்தது கணக்கும் அறிவியலும் தெரிந்த, ஆங்கிலத்தில் பாடம் சொல்லக்கூடிய ஆள். தென்னாசியப் பட்டம் அங்கே குறைச்சலாக மதிக்கப்படவில்லை. மாலத்தீவுப் பள்ளிகள் இன்றும் இந்திய, இலங்கை ஆசிரியர்களை எடுக்கின்றன. வாங்குபவர் அரசாக இருக்கும்போது தகுதி முன்னே நிற்கிறது. வாங்குபவர் பெற்றோராக மாறும்போதுதான் உச்சரிப்பும் தோலின் நிறமும் விண்ணப்பத்தில் இடம் பிடிக்கின்றன.

இதில் சட்டமும் பள்ளியும் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்வதைக் கவனிக்க வேண்டும். சீனாவில் ஆங்கில மொழி ஆசிரியராக வேலை அனுமதி பெறுவதற்கு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற ஆங்கிலத் தாய்மொழி நாட்டவராக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். இயற்பியல் ஆசிரியருக்கு இந்த நாட்டுப் பட்டியல் பொருந்தாது. ஆனாலும் இயற்பியலுக்கான விளம்பரத்திலும் அதே ஏழு நாடுகளைப் போட்டுவிட்டு, 'விசா விதி' என்று கைகாட்டும் பள்ளிகள் உண்டு. தன் பாடத்துக்கு அந்த விதி உண்மையில் பொருந்துமா என்று விண்ணப்பிப்பவரே பார்த்துக்கொள்வது நல்லது. கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஆள் பற்றாக்குறை இருப்பதால், மூடியிருப்பதாகத் தோன்றும் கதவு சில சமயம் திறந்திருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்த நம் ஆசிரியருக்கு அந்த நல்வாய்ப்பு குறைவு. எவ்வளவு ஷேக்ஸ்பியர் படித்திருந்தாலும்.

விண்ணப்பத்தில் புகைப்படம், வயது, திருமணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்பதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். வீடு, ஆண்டுக்கொரு விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்கு இலவச இடம் எல்லாம் சேர்ந்ததுதான் 'பேக்கேஜ்'. கணவன் மனைவி இருவரும் ஆசிரியர், பிள்ளை இல்லை என்றால் ஒரே வீட்டில் இரண்டு ஆசிரியர்கள். பள்ளிக்கு இதைவிட லாபமான ஏற்பாடு இல்லை. மனைவிக்கு வேலை இல்லாமல், பள்ளி வயதில் மூன்று பிள்ளைகளோடு வருபவர் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார். அவர் கற்பிக்கும் திறனை இன்னும் யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மிக அதிகமாக முட்டிப்பார்க்கும் கதவு துபாய். அந்த நகரத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோர் படிப்பது தனியார் பள்ளிகளில். 1959இல் கேரளத்திலிருந்து துபாய்க்குப் போய் ஆங்கிலம் கற்பித்த வர்க்கி தம்பதி 1968இல் தொடங்கிய 'அவர் ஓன் இங்கிலீஷ் ஹைஸ்கூல்'தான், அவர்கள் மகன் சன்னி வர்க்கியின் கையில் ஜெம்ஸ் என்ற பெரும் பள்ளிக் குழுமத்தின் வேராக அமைந்தது. ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் திர்ஹத்துக்குக் கீழே உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும், ஒரு லட்சம் திர்ஹத்தைத் தாண்டும் பிரிட்டிஷ் அல்லது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பள்ளியும் ஒரே நகரில், ஒரே கல்வி ஆணையமான கேஎச்டிஏவின் கண்காணிப்பில் நடக்கின்றன. ஆசிரியரின் சம்பளம் இந்தக் கட்டணத்துக்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே 'துபாயில் ஆசிரியர் சம்பளம் எவ்வளவு' என்று கேட்பதில் பொருளில்லை. எந்தப் பாடத்திட்டம், என்ன கட்டணம் என்று கேட்டால் பதில் பாதி தெரிந்துவிடும். கட்டண விவரம் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது.

குறைந்த கட்டணப் பள்ளிகளின் விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் ஒரு வரி உண்டு: ஹஸ்பெண்ட் விசாவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. கணவரின் குடியிருப்பு அனுமதியில் ஏற்கெனவே அங்கு வசிக்கும் பெண்ணை எடுத்தால் பள்ளிக்கு வீட்டுப்படி இல்லை, விமானச் சீட்டு இல்லை. எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஆயிரக்கணக்கான பெண்கள் வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளைக் குறைந்த சம்பளத்தில் தாங்கி நிற்பது இந்த ஒற்றை வரியின் மேல்தான். வெளிநாட்டு ஆசிரியப் பணி பற்றிப் பேசும்போது இவர்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

வேலை உறுதியானாலும் காகித வேலை மிச்சம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அமீரகத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போய் இறங்கியபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இந்தியா 2005இல் சேர்ந்த அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லாததால் குறுக்குவழி கிடையாது. அதற்கும் மேலே பட்டத்துக்கு இணைத்தகுதி வாங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில்தான் இந்திய ஆசிரியர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். நம் மதிப்பெண் பட்டியலில் இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று இரண்டு பத்தி இருக்கும். எக்ஸ்டர்னல் மதிப்பெண் என்பதை, கல்லூரிக்கே போகாமல் வெளியிலிருந்து எழுதிய தேர்வு என்று அங்கே எடுத்துக்கொண்டார்கள். நேரடி வகுப்பில் மூன்று வருடம் படித்தவர்கூட அதை நிரூபிக்கக் கடிதம் தேடி அலைய வேண்டிவந்தது. இந்தியத் தூதரகமும் தலையிட வேண்டியதாயிற்று. உண்மையிலேயே அஞ்சல் வழியில் பி.எட். முடித்தவர்களின் பாடு இன்னும் சிக்கல். வெளிநாட்டு ஆசை உள்ளவர், எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு முன் எந்த முறையில் படிப்பு என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம்: நம்பலாமா? இதற்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. வில்லியம் வேஹி என்ற அமெரிக்கர், சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்ததற்காக 1969இலேயே கலிபோர்னியாவில் தண்டனை பெற்றவர். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஈரான், சவூதி அரேபியா, இந்தோனேசியா, வெனிசுவேலா, லண்டன், நிகராகுவா என்று பன்னாட்டுப் பள்ளிகளிலேயே வேலை பார்த்தார். ஒவ்வொரு பள்ளியும் முந்தைய பள்ளியின் நல்ல வார்த்தையை நம்பியது. 2014இல் அவருடைய சேமிப்புக் கருவி ஒன்றில் படங்கள் சிக்கியபின் அவர் தற்கொலை செய்துகொண்டார். எஃப்பிஐ பல நாடுகளில் பாதிக்கப்பட்டவர்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் அனுபவமும் நல்ல பழக்கமும் எதற்கும் உத்தரவாதமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆண்டில் பன்னாட்டுப் பள்ளி அமைப்புகள் சேர்ந்து குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு செயற்குழுவை அமைத்தன. ஆள்தேர்வு முறை இறுகியது.

அந்த இறுக்கம் நம் ஆசிரியர்களை வேறு மாதிரி தொடுகிறது. 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று தொடங்கி, 'அவருடைய நன்னடத்தைக்கு உறுதியளிக்கிறேன்' என்று முடியும் அனுபவச் சான்றிதழை இப்போது யாரும் மதிப்பதில்லை. பணிக்காலத்தில் இடைவெளி இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று கேட்பார்கள். பிரிட்டனில் இருந்தவருக்கு ஐசிபிசி என்று தனிச் சான்றே உண்டு. இவற்றைச் சேகரித்துவிடலாம். கடினமானது ரகசியப் பரிந்துரை. தற்போதைய முதல்வர் நேரடியாக ஆள்தேர்வு நிறுவனத்துக்கு அனுப்பும் படிவம் அது. விண்ணப்பித்தவர் கண்ணில் படாது. வகுப்பு மேலாண்மை எப்படி, சக ஆசிரியர்களோடு எப்படி, மீண்டும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா என்று கேள்விகள் இருக்கும். நம் தனியார் பள்ளிகள் பலவற்றில், வேலையை விட்டுப் போக நினைப்பதே துரோகம். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தாளாளர்கள் இருக்கும் ஊரில், அந்தப் படிவத்தை நேரத்தோடு, நேர்மையோடு நிரப்பித் தரும் முதல்வரைத் தேட வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வராத ஒரே காரணத்தால் நல்ல ஆசிரியர் ஒருவரின் விண்ணப்பம் தூங்கிப்போவது சாதாரணம். பள்ளியின் சொந்த முகவரியிலிருந்து வராமல் ஜிமெயிலிலிருந்து வந்த பரிந்துரையைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் சாதாரணம். ஆகவே விண்ணப்பிக்கும் முன் முதல்வரிடம் சொல்லிவிடுவதே முறை. அங்கேயும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

நேர்காணலில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஆங்கிலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'உங்கள் பாடத்தில் சாதனை என்ன' என்று கேட்டால், நூற்றுக்கு நூறு தேர்ச்சி, இத்தனை சென்டம் என்று பதில் வரும். கேட்டவருக்கு சென்டம் என்றால் என்னவென்றே தெரியாது. 'வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மறுநாள் என்ன மாற்றினீர்கள்' என்பதுதான் அவர் கேட்க விரும்புவது. ஐபி பட்டயப் படிப்பில் அறிவியல் பாடத்தின் இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் மாணவர் தானே வடிவமைத்துச் செய்யும் ஆய்வுக்கு. அதை ஆசிரியர் திருத்துவார். சில மாதிரிகளை ஐபி வாங்கி மறுபரிசீலனை செய்யும். ஆசிரியர் தாராளமாகப் போட்டிருந்தால் மொத்த வகுப்புக்கும் மதிப்பெண் இறங்கும். செய்முறைத் தேர்வுக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுப் பழகிய கைக்கு இது புது உலகம். அதனால்தான் 'ஐபி அனுபவம் உண்டா' என்பது வெறும் முத்திரைக் கேள்வியாக இல்லை.

அந்த அனுபவத்தை வெளிநாடு போய்த்தான் பெற வேண்டும் என்பதும் இல்லை. கொடைக்கானல் பள்ளி 1976லேயே ஐபி பட்டயத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்று சென்னை, பெங்களூரு, ஐதராபாத்தில் ஐபியும் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயும் நடத்தும் பள்ளிகள் நிறைய. மாவட்டத் தலைநகரிலிருந்து நேரே துபாய்க்கோ ஹனோய்க்கோ தாவ முயல்வதைவிட, இவற்றில் ஒன்றில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போவது உறுதியான பாதை. இன்னொரு கதவும் அண்மையில் திறந்தது. இங்கிலாந்து அரசு 2023 பிப்ரவரியில் தன் ஆசிரியத் தகுதியான கியூடிஎஸ்ஸை இந்தியா உள்ளிட்ட மேலும் ஒன்பது நாட்டு ஆசிரியர்களுக்கு விரிவாக்கியது. இந்தியர்களுக்கு அது கணிதம், அறிவியல், மொழிகள் ஆகிய பாடங்களில், 11 முதல் 16 வயது வரையுள்ளோருக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்துக்கே போகாவிட்டாலும், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் இந்தத் தகுதிக்கு மதிப்பு உண்டு. பாஸ்போர்ட்டை மாற்ற முடியாதவர் அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய தாள் இது.

வேலை வாங்கித்தர ஒருவர் அளவுக்கு மீறிப் பணம் கேட்டால் விலகிவிட வேண்டும். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்பவர் எந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலும் நம்பத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் பலரும் படிக்காமல் கடந்துபோவது அடிப்படைச் சம்பளம் என்ற வரி. அமீரகத்தில் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். மாதம் 6,000 திர்ஹம் என்று சொல்லி அடிப்படையை 3,000 என்று பிரித்திருந்தால் இரண்டு வருட முடிவில் கைக்கு வருவது 4,200 திர்ஹம்தான். ஓய்வூதியம் கிடையாது. பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரிஸ்டன் பன்னல் இந்த ஆசிரியர் வர்க்கத்தை நிலையற்ற உழைப்பாளிகள் என்ற கோணத்தில் ஆராய்ந்தது சும்மா இல்லை.

அந்த நிலையின்மை நாட்காட்டியிலேயே பதிந்திருக்கிறது. வட அரைக்கோள நாட்காட்டியைப் பின்பற்றும் பள்ளிகளில் ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில். தமிழ்நாட்டில் ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவர் இரண்டில் எதற்குப் போனாலும் நடுவில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே, அக்டோபர் நவம்பர் வாக்கில், பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும்: அடுத்த ஆண்டு தொடர்கிறீர்களா, விலகுகிறீர்களா? வேறு வேலை கையில் கிடைப்பதற்கு முன்பே இதற்குப் பதில் எழுத வேண்டும். விலகுவதாகக் குறித்தால் அந்த இடத்துக்கு விரைவிலேயே விளம்பரம் போய்விடும், பின்வாங்க வழியில்லை. குறிக்காமல் இருந்துவிட்டு பிப்ரவரியில் போகிறேன் என்றால், அடுத்த பள்ளிக்குப் போக வேண்டிய ரகசியப் பரிந்துரையில் அது வந்து உட்காரும். வீடு, விசா, பிள்ளையின் பள்ளி இடம் மூன்றும் அந்த ஒரு வேலையோடு கட்டப்பட்டிருப்பவர், எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரும்பாலும் 'தொடர்கிறேன்' என்பதைத்தான் குறிக்கிறார்.